எட்டு வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 17

எட்டுத் தாள். எட்டிலும் ஒரே கிழமை.

யோகலட்சுமி அடுப்படித் தரையில் அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தினசரிக் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் கையெழுத்து. 'மூணு தடவை வாந்தி.' 'தட்டைத் தொடல.' 'ரத்தம் கலந்து போச்சு.' திருப்பிப் போட்டால் தேதி, ராகுகாலம், எமகண்டம், கொட்டை எழுத்தில் கிழமை. வெள்ளி. வெள்ளி. வெள்ளி. கடைசித் தாள் வரைக்கும் வெள்ளிதான்.

"அகப்பட்டீகளா மதினி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

நேற்று வரை அவளிடம் இருந்தது வெறும் சந்தேகம். மூன்று வருடமாக ஆவணி பிறந்தால் போதும், அவள் வளர்க்கிற பூனை செவலைக்கு வயிறு கெட்டுவிடும். தின்றது நிற்காது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு வரும். தை பிறந்தால் தானாகத் தேறும். குடலில் அழற்சி என்று சிவகாசி டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார். என்றைக்கு என்ன ஆகிறது என்று தேதி போட்டு எழுதி வைக்கவும் சொன்னார்.

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறார் யோகலட்சுமியின் வீட்டுக்காரர் பால்பாண்டி. அந்த வீட்டில் எழுதத் தாளுக்கா பஞ்சம்? பிரஸ்ஸிலிருந்து வந்து கிடந்த காலண்டர் ஒன்றை எடுத்து அடுப்படி ஆணியில் மாட்டினாள். செவலைக்கு முடியாத நாளில் அந்தத் தேதித் தாளைக் கிழித்து, முதுகில் எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். எட்டு வாரம் கழித்து, இன்றைக்குக் காலையில்தான் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு யார் வருவது? பால்பாண்டியின் அக்கா அருணாதேவி. சூலக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து, தாயார் சன்னதியில் கும்பிட்டுவிட்டு, தம்பி வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டுப் போவாள். சீசனில் யோகலட்சுமி பிரஸ்ஸே கதியென்று கிடப்பதால், அன்றைக்குச் செவலையின் தட்டில் சோறு வைப்பதும் அருணாதேவிதான்.

சும்மா ஒருத்தி மேல் பழி போடுகிறவள் அல்ல யோகலட்சுமி. மூன்று வருடத்துக்கு முன்னால், செவலையின் தாயைச் சாக்கில் கட்டி வெம்பக்கோட்டை ரோட்டில் கொண்டுபோய் விட்டவள் இதே அருணாதேவி. "சோத்துல மயிரு கெடந்துச்சு, தொலைச்சிட்டு வந்தேன்" என்று மறுநாள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். யோகலட்சுமி மூன்று நாள் அந்த ரோட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கிடைக்கவில்லை. திரும்பி வந்து மதினிக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு எரியும்.

தாயைத் தொலைத்தாச்சு. இப்போது பிள்ளையை முடிக்கப் பார்க்கிறாளா?

செவலை சிலிண்டருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"யோகா, நான் மாரித்தாய் பேசுறேன்த்தா."

மாரித்தாய் யோகலட்சுமியின் பிறந்த ஊரான தாயில்பட்டிக்காரி. பக்கத்து வீடு. அவள் மகளைத்தான் அருணாதேவியின் ஒரே மகன் விக்னேஷ்வரனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தாச்சு, பிடித்தாச்சு. புரட்டாசி கழிந்ததும் நிச்சயம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"மத்தியானத்துக்குள்ள அவுகளுக்கு முடிவு சொல்லணும்த்தா. நாலு பேருகிட்ட விசாரிச்சிட்டோம், நல்லாத்தான் சொல்லுறாக. ஆனா அந்தக் குடும்பத்துல வாக்கப்பட்டவ நீ. நீ ஒரு வார்த்த சொன்னா என் மனசு ஆறும். மாமியாக்காரி எப்பிடி?"

யோகலட்சுமி தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். அடேயப்பா, இப்படியும் ஒரு நேரம் வாய்க்குமா! தேடிப் போகவில்லை, தானாக வந்து கதவைத் தட்டுகிறது.

"பையன் தங்கம்க்கா. அவனப் பத்தி ஒரு சொல்லு சொன்னா என் நாக்கு அழுகிரும்."

"அப்ப?"

"அவுக ஆத்தா கைதான்..."

"கையா? என்னத்தா சொல்லுற?"

"எட்டு வாரமா ஒரு வாயில்லாத சீவனுக்குச் சோத்துல என்னத்தையோ கலந்து வச்சுக்கிட்டு இருக்காக. கையில ஆதாரம் வச்சுக்கிட்டுத்தான் சொல்லுறேன். ஒங்க மகளும் நாளைக்கு அந்தக் கையால வாங்கித்தான் திங்கணும். அம்புட்டுதேன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

"ஒம்பேரு வெளிய வராது. எம்புள்ள மேல ஆணை" என்று சொல்லி மாரித்தாய் வைத்துவிட்டாள்.

பொய் சொல்வானேன், யோகலட்சுமிக்கு ருசியாக இருந்தது. மூன்று வருடம் அடக்கி வைத்த வார்த்தை நாலே வரியில் வேலையை முடித்துவிட்டது. ஒரே மகன் கல்யாணம் நின்றால் அருணாதேவி எப்படித் துடிப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். துடிக்கட்டும். வெம்பக்கோட்டை ரோட்டில் தான் நடந்த மாதிரி அவளும் நடக்கட்டும்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"அத்தே! செவலையக் கூடையில போடுங்க, கெளம்பலாம்."

விக்னேஷ்வரன்தான். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். சீசன் சூட்டில் கண் இரண்டும் சிவந்திருந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை.

"நீ எங்கன இங்க? வேலைக்குப் போகலையாலே?"

"அம்மாதான் போன் போட்டாக. புரட்டாசி சனிக்கெழமைல்ல, பெருமாள் கோயில்ல வரிசையில நிக்காக. 'ஒங்க அத்தை ஒத்தையில அந்தப் பூனைய வச்சுக்கிட்டு அல்லாடுவா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ'ன்னாக. அரை நாளு பர்மிசன் போட்டு வந்திருக்கேன்."

செய்வதையும் செய்துவிட்டு ஆள் அனுப்பி வைக்கிறாளா! நடிப்பைப் பாரு நடிப்பை! யோகலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுத் தாளையும் பொறுக்கிக் கவரில் போட்டாள். டாக்டரம்மாவிடம் காட்டி, விஷம்தான் என்று எழுதி வாங்கிவிட வேண்டும். சாயங்காலம் பால்பாண்டி வரும்போது அக்காவையும் தம்பியையும் எதிரெதிரே உட்காரவைத்து அந்தச் சீட்டை நடுவில் வைக்க வேண்டும். கல்யாணம் நின்றது பாதிதான். மீதியும் இன்றைக்கே முடிந்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். சிவகாசி ரோடு முழுக்க வெளியூர்க் கார்கள். கடைக்குக் கடை பட்டாசுப் பெட்டிகளை டிக்கியில் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கேயோ சரம் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தார்கள். மடியில் இருந்த கூடைக்குள் செவலை உடம்பைக் குறுக்கி, அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது.

"அத்தே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றான் விக்னேஷ்வரன், வண்டியை ஓட்டிக்கொண்டே.

"சொல்லு."

"அந்தப் புள்ளகிட்ட ஒரே ஒரு தடவ போன்ல பேசினேன். எங்க அத்தை வீட்டுல ஒரு பூனை இருக்குன்னேன். அதப் பத்தியே அரை மணி நேரம் கேட்டுச்சு. என்னப் பத்தி ஒரு கேள்வி இல்ல."

யோகலட்சுமிக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அதை உடனே மிதித்து அணைத்தாள். இவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கிறான், வேறு இடம் கிடைக்காமலா போகும்? பெற்றவள் செய்ததற்கு இவன் கொஞ்சம் பட்டால்தான் அவளுக்கு உறைக்கும்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

டாக்டர் நசிமா செவலையை மேஜையில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எடை போட்டார். போன தடவைக்கு இருநூறு கிராம் குறைவு. ஊசி ஒன்று போட்டுவிட்டு நிமிர்வதற்குள் யோகலட்சுமி தாள்களை மேஜையில் வைத்துவிட்டாள். விக்னேஷ்வரன் வெளியே பெஞ்சில் இருந்தான். கதவு சாத்தியிருந்தது.

"நீங்க சொன்னபடி எழுதிட்டு வந்திருக்கேன் டாக்டரம்மா. எட்டும் வெள்ளிக்கெழம. அன்னைக்கு ஒருத்தி வந்து சோறு வைக்கிறா. வெசம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வச்சுக் குடுங்க."

நசிமா தாள்களை எடுக்காமல் கையுறையைக் கழற்றினார்.

"விஷம்னா இப்படி வராதும்மா. ஆவணியிலயே ஸ்கேன் பாத்தோம்ல? குடல் சுவரு தடிச்சுப் போயிருந்துச்சு. அது ரொம்ப நாளா இருக்கிற கோளாறு. சில பூனைகளுக்கு வருசத்துல சில மாசம் கூடும், சில மாசம் அடங்கும்."

"ஏன் கூடுது? யாராச்சும் கூட்டாமலா?"

"அதான் அடிச்சுச் சொல்ல முடியலை. வெயில் போயி மழை வர்றது காரணமா இருக்கலாம். மழைக்குத் தெள்ளுப்பூச்சி, வயித்துப்பூச்சி பெருகுறதா இருக்கலாம். இந்த ஊருல ரெண்டு மாசமா வெடிச் சத்தம், அந்தப் பயமே குடலைக் கெடுக்கும். சீசன் வந்தா நீங்க வீட்டுல இருக்கிறதில்லை, திங்கிற நேரமும் திங்கிற சாப்பாடும் மாறுது. இதுல ஒண்ணா இருக்கலாம், எல்லாம் சேர்ந்ததாவும் இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம்னா எப்பிடி? ஒரு ஆளச் சொல்லுங்க டாக்டரம்மா!"

"இது ஆள் செய்யிற காரியம் இல்லம்மா" என்றார் நசிமா. சொல்லிக்கொண்டே முதல் தாளை எடுத்தவர், புருவத்தைச் சுருக்கினார். "ஆகஸ்ட் இருபத்தொண்ணு. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க இங்க வந்தீங்கல்ல?"

"ஆமா, ரத்தமாப் போச்சுன்னு ஓடி வந்தேன்."

நசிமா ரிஜிஸ்டரைப் புரட்டினார். "இங்க வியாழக்கிழமைன்னு இருக்கு. உங்க தாள்ல வெள்ளின்னு இருக்கு." தாளைத் திருப்பி மேல் மூலையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அதை யோகலட்சுமி பக்கம் தள்ளினார். "வருசத்தப் பாருங்க."

யோகலட்சுமி பார்த்தாள்.

அடுத்த வருடம்.

காலண்டர் அடிக்கிற ஊரில் ஆடி பதினெட்டுக்கே அடுத்த வருடம் பிறந்துவிடும். மாதிரிக் காலண்டர்கள் வீடெல்லாம் இறைந்து கிடக்கும். பதினெட்டு வருடமாகப் பிரஸ்காரர் பெண்டாட்டி அவள். தேதி ஒன்றுதான், கிழமை ஒரு நாள் தள்ளி வரும் என்று தெரியாதவளா? தெரியும். எல்லாம் தெரியும். சீசனில் ஞாயிறு, திங்கள் என்று ஏது, விடிந்தால் வேலை, அடைந்தால் வேலை. கிழமையே மறந்து போன தலையோடு, வரப்போகிற வருடத்துத் தாளில் நடந்துபோனதை எழுதி வைத்திருக்கிறாள்.

எட்டுத் தாளும் வெள்ளி அல்ல. எட்டும் வியாழன்.

"வியாழக்கிழமை சோறு வைக்கிறது யாரும்மா?"

யோகலட்சுமி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் வீட்டில் விரதம். போன வருடம் செவலை பிழைக்குமா என்று கிடந்தபோது வேண்டிக்கொண்டது. 'ஆவணியும் புரட்டாசியும் வியாழன்தோறும் விரதம் இருக்கேன், என் செவலையக் காப்பாத்து' என்று. அன்றைக்குச் சுண்டக் காய்ச்சின பாலில் சீனியும் ஏலக்காயும் போட்டுச் சாமிக்குப் படைப்பாள். படைத்ததில் முதல் கிண்ணம், யாருக்காக வேண்டினாளோ அதற்குத்தான்.

"பால்..." என்றாள். "இந்த வருச வேண்டுதலுக்குப் பாலு குடுப்பேன். நான்தேன் குடுப்பேன்."

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம். குடிக்காட்டி மடியில போட்டு ஊட்டி விடுவேன்."

நசிமா கோபப்படவில்லை. அதுதான் யோகலட்சுமிக்குத் தாங்கவில்லை. "வளர்ந்த பூனைக்கு அநேகமாப் பால் செரிக்காதும்மா. இதுக்கு ஏற்கெனவே குடல் புண்ணா இருக்கு. வந்த நோய்க்கெல்லாம் பால்தான் காரணம்னு சொல்லலை, போன வருசம் பால் குடுக்காமலேயே வந்துச்சுல்ல? ஆனா பாலை நிறுத்துங்க. ஒரே சாப்பாடு, ஒரே நேரம், சத்தம் வராத ஒரு மூலை. தீபாவளி கழியுற வரைக்கும் இது போதும்."

யோகலட்சுமி தாள்களைத் திரும்பக் கவருக்குள் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தபோதுதான் மாரித்தாயின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. சாமி சத்தியமா என்று கேட்டாளே! சாமி சத்தியமா என்று சொன்னேனே!

"பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு ஓடினாள். மணி பன்னிரண்டரை. மத்தியானத்துக்குள் என்றுதானே சொன்னாள், இன்னும் நேரமிருக்கலாம்.

"அக்கா! மாரித்தாயக்கா! காலையில நான் சொன்னது தப்புக்கா. கிழம மாறிப்போச்சு. காலண்டர் மாறிப்போச்சு. எங்க மதினி ஒண்ணும் செய்யல."

"என்னத்தா, காலண்டருங்கிற, கெழமைங்கிற?"

"வெசமெல்லாம் இல்லக்கா. நான்தேன் பாலு குடுத்து..."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"யோகா." மாரித்தாயின் குரல் தணிந்தது, பாசமாக. "ஒன்னய யாரோ மெரட்டிட்டாகன்னு எனக்குப் புரியுது. சாமி சத்தியம் பண்ணின வாயி மூணு மணி நேரத்துல மாறுதுன்னா, அந்தப் பொம்பளைக்கு எம்புட்டுப் பயப்படுற நீ! காலையில கூட எனக்கு அரை மனசுதான். இப்ப முழுசா நம்புறேன். எம்மகளக் காப்பாத்திட்ட தாயி, நீ நல்லாயிருப்ப."

"அக்கா, அய்யோ அக்கா..."

போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது.

கூடையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். விக்னேஷ்வரன் இரண்டு தடவை, "என்னத்தே, டாக்டரு பயமுறுத்திட்டாகளா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். அவன் முதுகைப் பார்த்தபடி, இறங்கினதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். திருத்தங்கல் வந்தது. இறங்கினாள். சொல்லவில்லை.

வீட்டுக்குள் அருணாதேவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருமண், பக்கத்தில் துளசிப் பை. கையில் போன். அழுது முடித்த முகம்.

"வேணாம்னுட்டாகலே" என்றாள் மகனைப் பார்த்து.

விக்னேஷ்வரன் சிரிப்பு மாறாமல் அப்படியே நின்றான், காதில் விழுந்தது உள்ளே போக நேரம் பிடித்த மாதிரி. "யாரு, அந்தப் புள்ளயா வேணாம்னுச்சு?" என்று கேட்டான்.

"புள்ள இல்லலே. எவளோ கோள் மூட்டிருக்கா."

அவன் கூடையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். பைக் கிளம்பவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி மேல் சும்மா உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"பூனைக்கு என்ன சொன்னாக?" என்றாள் அருணாதேவி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"பாலு ஆகாதாம் மதினி."

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, பூனைக்கு எதுக்குடி பாலுன்னு." சொல்லிவிட்டு எழுந்து, யோகலட்சுமியையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரல் மாறியது. அந்தக் குரல் யோகலட்சுமிக்கு நன்றாகத் தெரியும், காலையில் தன் வாயிலிருந்தே வந்த குரல்தான் அது.

"மாரித்தாய், கோள் மூட்டினவ பேரச் சொல்ல மாட்டேங்கிறா. என்ன சொன்னாகங்கிறதையும் சொல்ல மாட்டேங்கிறா. புள்ள மேல ஆணை போட்டிருக்காளாம். காலையில ஒரு பேச்சுப் பேசினாளாம், அப்புறம் பயந்து போயி மாத்திப் பேசினாளாம் அந்தச் சண்டாளி. எனக்குத் தெரியும் யோகா, யாருன்னு."

யோகலட்சுமி கையிலிருந்த கவரை அரிசி டப்பாவுக்கு அடியில் தள்ளினாள்.

"சோலைமலை பொண்டாட்டி!" என்றாள் அருணாதேவி. "அவ மகள விக்னேசுக்குக் கேட்டு வந்தப்ப நான் முகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னேன்ல? வச்சிருந்து தீத்துட்டா. அந்தச் சோலைமலை எம்மகன் கம்பெனியிலதான வேலை பாக்கான்? நாளைக்கே மொதலாளி வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை போட்டுட்டு வாரேன். சீசன்ல வேலை போயி, தீபாவளிக்குப் புள்ளைகளுக்கு ஒரு துணி எடுக்க வழியில்லாம நிக்கட்டும். என் வீட்டுல எழவு விழுந்த மாதிரி அவ வீட்டுலயும் விழணும். நீ எங்கூட வா யோகா. ஒன்னயத்தவிர எனக்கு யாரு இருக்கா?"

அருணாதேவி அவள் கையைப் பிடித்தாள். சூடான கை. எட்டு வாரமாகச் செவலைக்குச் சோறு மட்டுமே வைத்த கை.

சும்மா இருந்தால் போதும். ஒரு பேச்சுக் கிடையாது. பேர் வெளியே வராது. சோலைமலை பெண்டாட்டி யாரோ எவளோ.

"அவ இல்ல மதினி" என்றாள் யோகலட்சுமி. நினைத்துச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது.

அருணாதேவியின் பிடி தளர்ந்தது. ஒரு அடி பின்னால் நகர்ந்து, அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"